மகாதேவி தெரிந்தெடுத்த பில்டர்

கதிரவேலுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது மகாதேவி ஆய்வுகூடத்தில் யாரோ ஒருவருடைய சளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரே ஆரவாரம். பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் ஆரவாரம் புதிதல்ல. பனையிலிருந்து விழுந்தவர், திருக்கை முள் குத்தியவர் என்று தினமும் நாலு பேரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவள் தலையை நிமிர்த்தவில்லை. பிறகுதான் தமையன் கனகலிங்கத்தின் குரல் கேட்டது.

"என்ரை தங்கச்சியைக் கூப்பிடுங்கோ! லாப்பிலை நிப்பாள், கெதியாக் கூப்பிடுங்கோ!"

ஓடிப்போய்ப் பார்த்தாள். வாசலிலிருந்த வாங்குப் பலகையில் கிடந்தது அவளுடைய புருசன். நனைந்த காற்சட்டை, உடம்பெல்லாம் கடல் மண். சத்தி எடுத்து எடுத்துக் களைத்துப்போயிருந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் அவளைத் தெரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். இப்படிக் கிடக்கிற ஆளின் முகம் வெளிறியிருக்க வேண்டும். கதிரவேலுவின் கன்னமோ வெயிலில் விளையாடிவிட்டு வந்த குழந்தையின் கன்னம்போலச் சிவந்திருந்தது.

"ஆறு பாகம்தான், தங்கச்சி, முப்பத்தாறடி. ஆறு பாகத்துக்கு மேலை போகேல்லை. மேலை வந்து தலையிடிக்குது எண்டவர். பிறகு அப்பிடியே சரிஞ்சிட்டார்." என்றான் கனகலிங்கம்.

பெரிய டொக்டர் உடனே மூக்கில் ஒட்சிசன் பிடிக்கச் சொன்னார். அது வந்து சேருமுன் மகாதேவி தானே ஊசி குத்தி இரத்தம் எடுத்தாள். மற்றவர்களை விட்டு எடுப்பித்திருக்கலாம். அவளுக்கு மனம் கேட்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்குத்தான் கதிரவேலு அவளைப் பார்த்து, "நீர் வேலைக்குப் போகேல்லையே?" என்று கேட்டான். அவள் வேலையிடத்தில்தான் நிற்கிறாள் என்பதுகூட அவனுக்கு விளங்கவில்லை. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்க் கழிவறைக்குள் நின்று அழுதாள்.

இது எழுபத்துமூன்றாம் ஆண்டு ஆனி மாதம் நடந்தது.

கதிரவேலு சிலிண்டர் கட்டிச் சுழியோடுகிறவன். திருகோணமலையில் மூழ்கித் தாண்ட கப்பல்களைக் கிளப்புகிற ஒரு கம்பனியில் ஏழு வருசம் வேலை செய்து அந்த வித்தையைப் பழகியிருந்தான். கலியாணம் முடித்துப் பருத்தித்துறைக்கு வந்தபோது கம்பனி கழித்துவிட்ட ஆறு சிலிண்டர்களையும் மூச்சுவிடும் குழாய்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தான். சங்கு எடுத்தான், கடலட்டை எடுத்தான், வள்ளங்களின் காற்றாடியில் சுற்றிய வலையை வெட்டிவிட்டான். ஒரேயொரு தொல்லை காற்று. சிலிண்டர் முடிந்தால் திருகோணமலைக்கு லொறியில் அனுப்பி நிரப்பிக்கொண்டு வரவேண்டும். ஒரு கிழமை வேலைக்கு ஒரு கிழமை காத்திருப்பு.

அதைத் தீர்த்துவைத்தவன் மைத்துனன் கனகலிங்கம். தும்பளையில் தண்ணீர் இறைக்கும் மெசினும் வள்ள எஞ்சினும் திருத்துகிற பட்டறை அவனுடையது. கொழும்பில் பழைய கப்பல் சாமான் ஏலத்தில் துருப்பிடித்த கொம்பிரசர் ஒன்றைக் கண்டு, சீமெந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஊர் சிரித்தது. அவன் இரண்டு மாதம் வீட்டு வளவில் கிடுகுக் கொட்டில் போட்டு அதற்குள்ளேயே கிடந்தான். கடைசியில் தோட்டத்துக்கு இறைக்கிற மெசின் ஒன்றைப் பக்கத்தில் பூட்டி, பட்டி போட்டுச் சுழற்றினான். கொம்பிரசர் வெளிக்காற்றை இழுத்து, மூன்று கட்டமாக நெருக்கி நெருக்கிச் சிலிண்டருக்குள் அடைத்தது. வல்வெட்டித்துறையிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். மாசியிலிருந்து சித்திரை முடியும்வரை ஒரு பிழையும் இல்லை. வைகாசியில் கதிரவேலுவுக்கு இடைக்கிடை தலையிடித்தது. வெயில் என்று விட்டுவிட்டான். ஆனியில்தான் இப்படி வந்தது.

"எண்ணெய் மணம்," என்றான் கதிரவேலு, வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தபடி. "கொஞ்ச நாளாவே வாயிலை எண்ணெய் கைச்சது. உனக்கு மனவருத்தமாயிருக்கும் எண்டு சொல்லேல்லை, மச்சான்."

கனகலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பிஸ்டன் வளையம் தேஞ்சிருக்கு. எண்ணெய் மேலை ஏறுது. புது வளையம் இந்த நாட்டிலை எடுக்கேலாது. காத்து வாற வழியிலை பஞ்சு அடைச்சுத்தான் விட்டனான். அது காணாது போல."

அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் மகாதேவி ஒரு விசயம் கண்டாள். தட்டில் வைத்திருந்த மற்ற இரத்தமெல்லாம் ஒரு இரவுக்குள் கறுத்துப்போயிருக்க, கதிரவேலுவினுடையது மட்டும் செவ்வரத்தம்பூ நிறத்தில் அப்படியே இருந்தது. டொக்டரிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "ஒட்சிசன் குடுத்ததாலையோ தெரியாது" என்றார். ஒட்சிசன் பிடிக்க முன்னம் எடுத்த இரத்தம் இல்லையா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பிரசவ வாட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆவணி முதற்கிழமை மீனவர் சங்கத்தின் மூன்றரைத் தொன் வள்ளம் கடலடிப் பாறைத்திட்டான பாருக்கு வெளியே பலகை விட்டுத் தாண்டது. ஆட்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். ஆனால் அந்த வள்ளத்தை நம்பிப் பன்னிரண்டு குடும்பம் இருந்தது. அதற்குள் இருந்த எஞ்சின் புத்தம் புதிது. சங்கத் தலைவர் தம்பிஐயா கொழும்புக் கம்பனிக்குத் தந்தியடித்தார். தை பிறந்த பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. தை மாசம் பார்க்க என்ன இருக்கும்? ஐப்பசி பிறந்து வாடைக்காற்று விழுந்தால் வடகடல் அந்த வள்ளத்தைச் சிராய் சிராயாக்கிவிடும்.

தம்பிஐயா நேரே கதிரவேலுவிடம் வந்தார். "ஆறரைப் பாகம் தண்ணி, கதிரவேலு. உன்னை விட்டால் ஆரும் இல்லை."

"நான் இறங்குவன். காத்துத்தான்…"

"திருகோணமலையிலை நிரப்பினால் என்ன?"

"இதுக்கு இருபது, இருபத்தைஞ்சு தரம் நிரப்ப வேணும். போய்வாறதுக்கிடையிலை மாரி வந்திடும்."

எல்லாரும் கனகலிங்கத்தைப் பார்த்தார்கள். கனகலிங்கம் தங்கச்சியைப் பார்த்தான். மகாதேவி தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தாள்.

"காத்தை வடிக்கிற நல்ல பில்டர் ஒண்டு பூட்டினால் இறங்கலாம்," என்றாள். "ஆனால் அந்தக் காத்தை நான் பாத்து, சரியெண்டு சொன்னாப் பிறகுதான் இவர் வாயிலை வைக்கிறது. அதுக்கு முன்னம் ஆர் வந்து கேட்டாலும் விடன்."

"சரி பிள்ளை," என்றார் தம்பிஐயா. "நீயே தெரிஞ்செடு."

பில்டர் தெரிந்தெடுப்பது புடவைக்கடையில் சீலை எடுப்பதுபோல என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் ஒரு ஆணி வேண்டுமென்றாலும் அரசாங்கத்திடம் இறக்குமதிப் பேமிற் எடுக்க வேண்டும், பேமிற் கிடைக்காது.

கனகலிங்கம் சொல்லியனுப்பி, நாலாம் நாள் கிறிஸ்துநாயகம் வந்தார். குருநகர்க்காரர். கொழும்பில் ஒரு மெசின் சாமான் கடைக்கு ஓடர் பிடிக்கிறவர். வெள்ளை லோங்ஸ், தோற்பை. பைக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு சாமானை எடுத்து மேசையில் வைத்தார். பித்தளைத் தலை, கண்ணாடிக் கிண்ணம், அடியில் சின்னத் திருகு.

"இதுதான் கடைசி. கடையிலை பழைய இருப்பிலை கிடந்தது," என்றார். "எண்ணெயும் பிடிக்கும், தண்ணியும் பிடிக்கும். உங்கடை அதிட்டம்."

கனகலிங்கத்தின் கண் விரிந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அழகான வேலைப்பாடு. மகாதேவி சாமானைத் தொடவில்லை. "இதுக்கு விபரம் போட்ட புத்தகம் இருக்கோ?" என்று கேட்டாள்.

கிறிஸ்துநாயகம் தடித்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அவள் கதவடியில் வெளிச்சத்துக்குப் போய் நின்று வாசித்தாள். ஆய்வுகூடத்தில் போத்தல் ஒட்டுகளைக் கடைசி எழுத்துவரை வாசிக்கிற பழக்கம் அவளுக்கு.

"ஐயா, இது காருக்குப் பெயின்ற் அடிக்கிற இடத்திலை பூட்டுறது. இந்தக் கண்ணாடி நூற்றைம்பது இறாத்தல் அமத்தம்தான் தாங்கும். அண்ணையின்ரை மெசின் ரண்டாயிரம் அடிக்குது. பூட்டின உடனை வெடிக்கும். கீழை இன்னொண்டும் போட்டிருக்கு. மூச்சு விடுற காத்துக்குப் பாவிக்க வேண்டாமாம்."

கிறிஸ்துநாயகத்துக்கு முகம் கறுத்தது. "நான் படத்தைப் பாத்துத்தான் கொண்டுவந்தனான், தங்கச்சி. சத்தியமா எனக்குத் தெரியாது." ஒரு நிமிசம் யோசித்தார். "நில்லுங்கோ. உந்தப் புத்தகத்திலை சுழியோடுற ஆக்களின்ரையும் இருக்கு. அது இஞ்சை எடுக்கேலாது. படம் மட்டும் பாருங்கோ."

இருந்தது. நூற்றுப்பதினெட்டாம் பக்கம். ஒரு பில்டரை நெடுக்காகப் பிளந்து உள்ளே என்ன என்ன இருக்கிறது என்று வரைந்திருந்தார்கள். மகாதேவி அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து அந்தப் படத்தையும் அதன் கீழிருந்த எழுத்துகளையும் ஒன்றும் விடாமல் பார்த்தெழுதினாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணை, உதை நாங்கள் செய்யலாம்."

தடித்த உருக்குக் குழாய் ஒன்று வேண்டும். அது காங்கேசன்துறையில் உடைத்துப் போட்ட பாரந்தூக்கி ஒன்றிலிருந்து கிடைத்தது. கனகலிங்கம் இரண்டு முனைக்கும் மரை வெட்டி மூடி செய்தான். காற்று அடைக்க முன்னம் அதற்குள் தண்ணீரை அடைத்து, மூவாயிரம் இறாத்தல்வரை ஏற்றி ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தான். ஒரு சொட்டுக் கசியவில்லை.

உள்ளே போடுகிற சாமான்கள் மகாதேவியின் பொறுப்பு. ஈரத்தை உறிஞ்ச நீலப் பளிங்குமணி வேண்டும். சிலிக்கா ஜெல் என்று பெயர். ஆய்வுகூடத்தில் மருந்துத்தூள் ஈரம் பிடிக்காமல் இருக்க அதைத்தான் வைப்பார்கள். ஈரம் ஏறினால் நீலம் போய் ரோசாவாகும், வறுத்தால் திரும்ப நீலமாகும். டொக்டரிடம் கேட்டு, கழித்து ஒதுக்கியதில் இரண்டு போத்தல் எடுத்தாள். வீட்டு அடுப்பில் தாச்சி வைத்து வறுத்தாள். எண்ணெய் ஆவியையும் மணத்தையும் பிடிக்கக் கரி வேண்டும். அடுப்புக்கரி ஆகாது, சிரட்டைக்கரியை நீராவியில் வேகவைத்து எடுத்த கறுப்புக் குருணல்தான் வேலை செய்யும். அதைக் கிறிஸ்துநாயகம் ஏற்றுமதிக்குச் செய்கிற ஒரு இடத்தில் வாங்கி, ஒரு பிஸ்கற் தகரம் நிறையத் தபாலில் அனுப்பினார். காசு வேண்டாம் என்று துண்டு எழுதியிருந்தார்.

எதை முதலில் போடுவது என்பதில் தமையனும் தங்கையும் பிடுங்குப்பட்டார்கள்.

"கரி முதல்," என்றான் கனகலிங்கம். "எண்ணெய்தானே பெரிய எதிரி."

"இல்லை அண்ணை. மெசினாலை வாற காத்து நனைஞ்ச காத்து. கரி தண்ணியைக் குடிச்சு நிரம்பிச்செண்டால் பிறகு எண்ணெயைப் பிடிக்க அதுக்கு இடமிராது. முதல் தண்ணி வடியிற பாத்திரம். பிறகு நீலமணி. பிறகு கரி. கடைசியிலை கம்பளித் துண்டு, கரித்தூசு நெஞ்சுக்குள்ளை போகாமல்."

"உனக்கு எல்லாம் தெரியும்!"

"எனக்குத் தெரியாது. உதிலை எழுதியிருக்கு."

அவன் கொப்பியைப் பறித்துப் பார்த்தான். பிறகு நீலமணியைக் குழாயின் அடியில் கொட்டினான்.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை பில்டரைப் பூட்டி மெசினை ஓட்டினார்கள். தம்பிஐயாவும் சங்கத்து ஆட்கள் ஐந்தாறு பேரும் வளவில் கூடியிருந்தார்கள். முதற் சிலிண்டர் நிரம்பியதும் கனகலிங்கம் வெள்ளைக் கைலேஞ்சித் துணி ஒன்றைச் சிலிண்டர் வாயில் பிடித்துத் திறந்துவிட்டான். சீறிக்கொண்டு வந்தது காற்று. கைலேஞ்சியை விரித்துக் காட்டினான். ஒரு பொட்டுக் கறை இல்லை. கதிரவேலு மூக்கை வைத்து மணந்தான்.

"ஒண்டும் மணக்கேல்லை, மச்சான்! கடற்கரைக் காத்து மாதிரிக் கிடக்கு!"

ஆட்கள் கைதட்டினார்கள். நாளைக்கே இறங்குவோம் என்றார் தம்பிஐயா. கனகலிங்கத்தின் மனைவி இராசமலர் எல்லாருக்கும் சர்க்கரைத் தண்ணீர் கலக்க ஓடினாள்.

மகாதேவி மட்டும் கொப்பியை வைத்துக்கொண்டு நின்றாள். படத்தின் கீழே அவள் பார்த்தெழுதிய கடைசி வரியை இப்போதுதான் உண்மையாக வாசித்தாள். இந்தப் பில்டர் காபனோரொட்சைட்டை அகற்றாது என்று அதில் இருந்தது.

அது எஞ்சின் புகையில் இருக்கிற நஞ்சு. நிறமில்லை, மணமில்லை, கரியில் ஒட்டாது. கைலேஞ்சியில் கறையும் விடாது. இரத்தத்தில் சேர்ந்தால் விடாமல் பிடித்துக்கொள்ளும். இரத்தம் கறுக்காமல் சிவந்தபடியே நிற்கும். செவ்வரத்தம்பூ நிறம். கதிரவேலுவின் இரத்தம் நின்ற அதே நிறம்.

"நாளைக்கு இறங்கேலாது," என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மணம் இல்லாட்டில் நல்லதெண்டு இல்லை. எனக்கு ஒரு நாள் தாங்கோ."

"கைலேஞ்சி வெள்ளையாக் கிடக்குது. பேந்தென்ன?" கனகலிங்கத்தின் குரல் உயர்ந்தது. "இவ்வளவு பேருக்கு முன்னாலை என்ரை மெசினைக் குறை சொல்லுறாய்."

"உங்கடை மெசினை இல்லை, அண்ணை."

"பின்னை ஆற்றை மெசின்?" அவன் கொட்டிலுக்குள் போய்விட்டான்.

கதிரவேலு அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு தம்பிஐயாவிடம், "அவ சொன்னால் சொன்னதுதான், அண்ணை. ஒரு நாளாலை என்ன குடிமுழுகிப் போகுது?" என்றான்.

ஆய்வுகூட அலுமாரியில் செல்லரித்த பழைய கைநூல் ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலை அதில், காற்றுக்குள் அந்த நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் முறை போட்ட பக்கத்தைத் தேடி எடுத்தாள். இரண்டு தூள் வேண்டும். ஒன்று தனிக் அமிலம். ஆஸ்பத்திரி மருந்தறையில் இருந்தது. மற்றது படம் கழுவுகிறவர்கள் பாவிக்கும் பைரோகலிக் அமிலம். பட்டினத்து ஸ்ரூடியோக்காரர் பழைய சரக்கு என்று சொல்லி அரைப் போத்தல் கொடுத்தார். இரத்தமும் வேண்டும். அதை அவள் தன் கையிலேயே குத்தி எடுத்தாள்.

கனகலிங்கத்தின் வளவில், மாமரத்துக்குக் கீழே மேசை போட்டாள். இரத்தத்தைத் தண்ணீரில் கலந்து இரண்டு பெரிய போத்தலில் விட்டாள். ஒன்றில் கடற்கரையில் பிடித்து வந்த காற்று. மற்றதில் புதுப் பில்டரால் வந்த காற்று. இரண்டையும் கதிரவேலுவும் அவளுமாகக் கால் மணித்தியாலம் உருட்டினார்கள். பிறகு தூள்களைப் போட்டு வைத்தாள். கனகலிங்கம் கொட்டில் வாசலில் நின்று பார்த்தான், கிட்ட வரவில்லை.

கடற்கரைக் காற்றுப் போத்தல் மெல்ல மெல்ல நிறம் மாறிச் சேற்றுநீர்போல மண்ணிறமானது. மற்றப் போத்தல் மாறவேயில்லை. ரோசா நிறத்தில் வடிவாக நின்றது.

"அண்ணை, வந்து பாருங்கோ," என்றாள். "இது எஞ்சின் புகையின்ரை நஞ்சு. இந்த வடிவான நிறம்தான் இவரைக் கொல்லப் பாத்தது."

கனகலிங்கம் வந்தான். இரண்டு போத்தலையும் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். கதிரவேலு அன்றைக்கு வாங்கில் கிடந்த கோலம் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். போத்தலை வைத்துவிட்டு, "புகை எங்காலை உள்ளை போகுது?" என்று மட்டும் கேட்டான். அது அவளிடம் கேட்ட கேள்வி அல்ல.

ஞாயிறு விடியவே மெசின் சத்தம் கேட்டது. மகாதேவியும் கதிரவேலுவும் போய்ப் பார்த்தபோது கனகலிங்கம், புகை கண்ணுக்குத் தெரியட்டும் என்று, மண்ணெண்ணெய்த் தாங்கிக்குள் பழைய எஞ்சின் எண்ணெயைக் கலந்து ஊற்றியிருந்தான். புகைக்குழாயால் நீலப் புகை குபுகுபுவென்று வந்தது. அவன் சம்மணம் கட்டி நிலத்தில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, இஞ்சை வந்து குந்து. பார்!"

புகைக்குழாய் கொட்டிலின் தென்மேற்குப் பக்கம். காற்று இழுக்கும் வாய் வடகிழக்குப் பக்கம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக்காற்று நீலப் புகையை அள்ளிக் கிடுகுக் கூரைக்குக் கீழால் கொண்டுபோய், அந்த வாயடியில் சுழலவிட்டது. வாய் அதைச் சீராக உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"மாசியிலை காத்து மற்றப் பக்கம்," என்றான் கனகலிங்கம். "புகையெல்லாம் றோட்டுக்குப் போனது. வைகாசியிலை சோளகம் துவங்கினது. அண்டையிலையிருந்து மச்சானுக்குத் தலையிடி." அவன் எழுந்து தங்கச்சியின் தலையில் கையை வைத்தான். "நான் ஒரு மடையன். எண்ணெயைத் தேடினனே ஒழிய, காத்தைப் பாக்கேல்லை."

"நீங்கள் பாக்காட்டில் இது ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது, அண்ணை," என்றாள் மகாதேவி.

அன்று பகலே வேலை நடந்தது. வேலியோரத்துப் பனையில் ஏறி, முப்பதடி உயரத்தில் அகலக் குழாயின் வாயைக் கட்டினார்கள். மழையும் வண்டும் போகாமல் வாயைக் கீழ்நோக்கி வளைத்து வலை போட்டார்கள். புகைக்குழாயை நீட்டி, எதிர்ப்பக்க மதிலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். திங்கட்கிழமை புதுக் காற்றை அடைத்தார்கள். மகாதேவி மற்றக் கையில் ஊசி குத்தினாள்.

இந்தமுறை கனகலிங்கம் மேசையை விட்டு அசையவில்லை. தூள் போட்டதும் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக் குனிந்து நின்றான். ஐந்து நிமிசம். பத்து நிமிசம். ரோசா மங்கியது. சாம்பலாயிற்று. பிறகு இரண்டு போத்தலும் ஒன்றுபோலச் சேற்றுநீராகி நின்றன; எது கடற்கரைக் காற்று, எது மெசின் காற்று என்று அவளுக்கே ஒட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"ஊத்தை நிறம்!" என்று கத்தினான் கனகலிங்கம். "எடி இராசமலர், ஓடி வா! நல்ல ஊத்தை நிறம்!"

அவ்வளவு அழுக்கான நிறத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோசப்பட்ட மனிதர்கள் பருத்தித்துறையில் அதற்கு முன் இருந்திருக்கமாட்டார்கள். மகாதேவி கதிரவேலுவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "ஓம். இனி இறங்குங்கோ."

புரட்டாதி இரண்டாம் நாள் இறங்கினான். கடல் தட்டு வைத்ததுபோலக் கிடந்தது. பத்து வெறும் பீப்பாய்களைத் தண்ணீர் நிரப்பித் தாழ்த்தி, வள்ளத்தின் இரண்டு பக்கமும் கயிற்றால் கட்ட வேண்டும். பிறகு அவற்றுக்குள் காற்றை விட்டால் தண்ணீர் வெளியேறும், பீப்பாய் மிதக்கும், வள்ளத்தையும் தூக்கிக்கொண்டு வரும். சொல்ல ஒரு நிமிசம். கட்டி முடிக்க ஆறு நாள் சென்றது. ஒவ்வொரு நாளும் நாலு சிலிண்டர். ஒவ்வொரு நாள் காலையும் மகாதேவி காற்றுப் பார்த்து, நீலமணியின் நிறம் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். கதிரவேலுவுக்கு ஒருநாள்கூடத் தலையிடிக்கவில்லை. பின்னேரம் வந்து இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டான்.

ஏழாம் நாள் அவள் லீவு எடுத்துக்கொண்டு துடுப்பு வள்ளத்தில் தானும் போனாள். கரையில் ஊரே நின்றது. கதிரவேலு கீழே இறங்கிப் பீப்பாய் பீப்பாயாகக் காற்றை விட்டான். மேலே ஒன்றும் தெரியவில்லை, ஒவ்வொரு பீப்பாயும் நிரம்ப ஒருதரம் குமிழி மட்டும் பொங்கி வந்தது. கனகலிங்கம் வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் சந்நிதி முருகனைக் கூப்பிட்டான். ஐந்து பீப்பாய். ஆறு. ஏழாவதுக்குப் பிறகு குமிழி நின்றுவிட்டது.

மகாதேவி விளிம்புக்கு மேலால் குனிந்தாள். தண்ணீரையே பார்த்தாள். போத்தலில் கண்ட அந்த மண்ணிறத்தை மனதுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்த காற்று, பிழைக்காது, பிழைக்காது.

கதிரவேலுவின் தலை கறுப்பாக மேலே வந்தது. வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, "தள்ளிப் போங்கோ! வருது! உங்கடை வள்ளத்தை விலத்துங்கோ!" என்று கத்தினான்.

அவர்கள் துடுப்பைப் போட்டுப் பத்துப் பாகம் விலகியிருக்கமாட்டார்கள். கடல் வெள்ளையாகக் கொதித்தது. முதலில் இரண்டு பீப்பாய் துள்ளிக்கொண்டு வெளியே வந்தன. பிறகு நாலு. பிறகு அவற்றுக்கு நடுவே பாசியும் மண்ணும் வடிய, பச்சைப் பெயின்ற் மங்கிய முன்பக்க அணியம் எழுந்து நின்றது. சங்கத்தின் வள்ளம். கரையிலிருந்து எழுந்த சத்தம் பாரைத் தாண்டி வந்து அவர்களைத் தொட்டது. தம்பிஐயா தலைப்பாகையை அவிழ்த்து வீசினார். அது கடலில் விழுந்து போயிற்று, அவர் கவனிக்கவேயில்லை.

கதிரவேலு நீந்தி வந்து விளிம்பில் தொங்கினான். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. முகம் வழமையான கறுப்பு முகம்.

"மூண்டு பீப்பாய்க்கு வேலையே இல்லாமல் போச்சு," என்றான் மகாதேவியிடம். "நான் ஏழாவதை அடைச்சுக்கொண்டு நிக்கவே அது அசையத் துவங்கிட்டுது."

இழுத்துக்கொண்டு கரைக்கு வரப் பின்னேரமாயிற்று. நாற்பது பேர் கயிற்றைப் பிடித்தார்கள். பன்னிரண்டு குடும்பத்துப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தைத் தடவிப் பார்த்தார்கள். யாரோ கனகலிங்கத்தைத் தோளில் தூக்கினார்கள். அவன் மேலே இருந்தபடி கையை நீட்டித் தங்கச்சியைக் காட்டினான்.

"என்னை ஏன் தூக்கிறியள்? மெசின்தான் என்ரை. காத்து அவளின்ரை!"

பெண்கள் திரும்பினார்கள். தங்கமுத்து என்ற கிழவி, வள்ளக்காரர் ஒருவரின் தாய், ஈரக்கையோடு வந்து மகாதேவியின் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். மகாதேவியின் சட்டைக் கைக்கும் முழங்கைக்கும் நடுவே ஊசி குத்திய இடங்கள் நீலம் பாரித்து வரிசையாய்க் கிடந்தன. ஒரு வாரமாக மறைத்து வைத்திருந்ததை அன்றைக்கு அவள் மறைக்கவில்லை.

எஞ்சினை நன்னீரில் கழுவி, கழற்றிப் பூட்டிக் கனகலிங்கம் நாலாம் நாள் இயக்கினான். இரண்டாம் தரம் சுழற்றியதும் பிடித்துக்கொண்டது. விட்டுப்போன பலகையைத் தச்சர் மாற்றி முடித்தபோது ஐப்பசி பிறக்க இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் சங்கத்து வள்ளம் தொழிலுக்குப் போய்வந்தது.